கட்டியவர் யார்?

(மத்தூரில் நிகழ்ந்த தமிழ்க் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

கிருட்டிணகிரியிலிருந்து ஊத்தங்கரைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்தது இந்த மத்தூர். இம்மாவட்டத்துக் குன்றுகளில் விளையும் கருங்கல் கப்பலேறி அயல்நாடுகளுக்குப் போகிறது. அக்கல்லை உடைப்பவனும், செதுக்குபவனும், அடுக்குபவனும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பேருந்தேறிப் போகிறார்கள். ஓசூரில் 1970களில் தொழிற்பேட்டை எழுந்தபோது சுவரெழுப்பியவர்களும் இவர்களே. பெங்களூரின் அடுக்கு மாளிகைகளுக்குச் சாரம் கட்டி ஏறுபவர்களும் இவர்களே. கல் இங்கிருந்து போகிறது. கல்லை அடுக்கும் கையும் இங்கிருந்தே போகிறது. கட்டி முடித்த பின் வாயிலில் பொறிக்கப்படும் பெயர் மட்டும் வேறெங்கிருந்தோ வந்து விடுகிறது!

இன்று நேற்றுத் தோன்றியதன்று இந்நிலை. நூறாண்டுகளுக்கு முன் சென்னையில் எழுந்த பெருங்கட்டடங்களின் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இரிப்பன் மாளிகை, கன்னிமாரா நூலகம், விக்தோரியா பொதுமன்றம், விக்தோரியா நினைவு மண்டபம். ஆண்டவன் பெயர் நிலைத்தது. கட்டியவன் பெயரைச் சொல்லுங்கள் என்றால் கற்றறிந்தவரும் விழிக்கின்றனர். வரைபடம் வரைந்த வெள்ளையனின் பெயரையாவது நூல்களில் தேடிக் காணலாம். அவ்வரைபடத்தைக் கல்லாகவும் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றி நிலத்தில் நிறுத்தியவர் பெயர் மக்கள் வாயில் இல்லை.

அப்பெயர்களுள் தலையாய ஒன்றே இன்றைய உரையின் பொருள். அவர்தாம் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார்.

பெயரும் பிறப்பும்

நம்பெருமாளார் 1856 ஆம் ஆண்டு பிறந்து, 1925 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மறைந்தவர். முதல் விடுதலைப் போர் மூள்வதற்கு ஓராண்டு முன்பு தொடங்கி, மாநகராட்சியும் சட்டமன்றமும் மெல்ல மெல்ல நம்மவர் கைக்கு வரத் தொடங்கிய காலம் வரையில் நீண்ட வாழ்வு அது.

தாட்டிகொண்ட என்னும் குடிப்பெயர் தெலுங்கு வழிப்பட்டது. அதனை மறைக்க வேண்டிய தேவையில்லை. உண்மையை மறைத்துப் பெருமை தேடுவது தமிழியக்கத்தின் வழியன்று. ஆயினும் அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயரை நோக்குங்கள். நம்பெருமாள்! திருவரங்கத்துக் கோயிலின் உலாத் திருமேனிக்கு வழங்கும் தூய தமிழ்ப் பெயர் அது. குடிப்பெயர் எதுவாயினும், தமிழ் மண்ணில் வாழ்ந்த குடும்பம் தன் பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் இட்டது. இன்று தமிழ்க்குடியிற் பிறந்து, பொருள் விளங்காத வடமொழி ஒலிகளையும் இந்தி நடிகர்களின் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

அவர் எழுப்பிய கட்டடங்களும் தமிழ் மண்ணில், தமிழ்க் கொத்தனாரும் கல்தச்சரும் சித்தாளும் சிந்திய வியர்வையில் எழுந்தவை. ஆதலின் அவர் வாழ்வைப் பேசுவது அவரொருவரைப் போற்றுவதற்காக மட்டுமன்று. அவர்க்குப் பின்னால் பெயரின்றி நின்ற பல்லாயிரம் கைகளைக் கண்முன் நிறுத்துவதற்காகவுமே ஆகும்.

ஒப்பந்தக்காரர் என்பவர் யார்?

ஒப்பந்தக்காரர் என்ற சொல்லைக் கேட்டதும் இன்றைக்கு மக்கள் முகம் சுளிக்கின்றனர். மணலைக் கூட்டிப் பைஞ்சுதையைக் குறைத்து, பாலம் இடியுமுன் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறவர் என்ற எண்ணம் ஊன்றி விட்டது. அவ்வெண்ணத்திற்கு இடம் கொடுத்தவர்களும் உண்டு. ஆயின் அத்தொழிலின் முதற்பொருள் அதுவன்று.

அரசின் பொதுப்பணித்துறை மதிப்பீடு போடும். ஒப்பந்தப்புள்ளி கோரும். பணியேற்பவர் பிணைத்தொகை கட்டவேண்டும். தளத்தில் வேலை நடந்து, துறையினர் வந்து அளந்து, அளவேட்டில் எழுதி, பட்டியல் ஒப்பேறிய பின்னரே பணம் வரும். அதற்கிடையில் ஆயிரம் பேர்க்குக் கூலி கொடுத்தாக வேண்டும்! கூலியாள் அரசின் பட்டியலுக்காகக் காத்திருக்க மாட்டான்; அவன் அடுப்பு அன்றாடம் எரிந்தாக வேண்டும். செங்கல் சூளைக்கு முன்பணம், கல்லுக்கு முன்பணம், மரத்திற்கு முன்பணம், வண்டிக்கு நாள்வாடகை. மழை பெய்தால் வேலை நிற்கும்; வட்டி நிற்காது. வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் கட்டிய சுவரை இடிக்க வேண்டும். இத்தனையையும் தலையில் தாங்கி, குறித்த காலத்தில் குறித்த அளவில் கட்டி முடித்துத் திறவுகோலை ஒப்படைப்பவரே ஒப்பந்தக்காரர். அவர்க்குக் கணக்கு வேண்டும், கைப்பொருள் வேண்டும், கல்லையும் மரத்தையும் பார்த்த அளவில் தரம் காணும் கண் வேண்டும், எல்லாவற்றினும் மேலாக, உழைப்பாளியின் நம்பிக்கை வேண்டும்.

அக்காலத்தில் பைஞ்சுதை பெருவழக்கிற்கு வரவில்லை. சுண்ணாம்பையும் மணலையும் நீர்விட்டுக் குழைத்து, மாடு பூட்டிய செக்கிலிட்டு அரைத்தெடுக்கும் சாந்தே சுவரைப் பிணித்தது. மேற்பூச்சுக்குக் கிளிஞ்சற் சுண்ணாம்பு. அதனோடு கடுக்காய் ஊறல், வெல்லநீர், முட்டை வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து நாட்கணக்கில் புளிக்கவைத்து, பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல ஆக்கினர். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சைக் கண்ட ஐரோப்பியர் அதனைப் பளிங்குக்கல் என்றே மயங்கி எழுதி வைத்தனர். அந்தக் கைப்பக்குவம் எந்தப் பொறியியற் கல்லூரியிலும் கற்றதன்று. தந்தையிடம் மகனும், மாமனிடம் மருமகனும் கற்றது, தமிழில் கற்றது!

இடிக்கப்பட்ட ஊரின் மேல் எழுந்த மன்றம்

நம்பெருமாளாரின் பெயரை நிலைநாட்டிய பணி சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம், தனித்தமிழில் உயர்நயன்மன்றம். பிராசிங்டன் என்பவர் முதல் வரைவைத் தீட்ட, என்றி இர்வின் என்னும் பொறியாளர் அதனைத் திருத்தி நிறைவாக்கினார். 1880களின் இறுதியில் தொடங்கிய பணி முற்றுப்பெற்று, 1892 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12 ஆம் நாள் திறப்பு விழாக் கண்டது. முதலில் ஒப்புதல் பெற்ற மதிப்பீடு 9 இலக்கத்து 45 ஆயிரம் உரூபா. முடிவில் ஆன செலவு ஏறத்தாழ 13 இலக்கம் உரூபா.

அம்மன்றம் நிற்கும் நிலத்தின் வரலாறும் அறியத்தக்கது. வெள்ளையன் கோட்டை கட்டிக் குடியேறியபோது, கோட்டைக்கு வடக்கே நம்மவர் வாழ்ந்த குடியிருப்பைக் 'கருப்பர் நகரம்' என்று அவன் இழிபெயரிட்டு அழைத்தான். 1758, 1759 ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர் கோட்டையை முற்றுகையிட்டனர். முற்றுகை நீங்கிய பின், பகைவன் மறைந்து நிற்க இடமிருத்தல் ஆகாதென்று அந்நகரத்தையே ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். வீடுகளும் போயின, வழிபாட்டிடங்களும் பெயர்ந்தன. அவ்வாறு வெறுமையாக்கிய நிலத்தின் மேல்தான் ஒரு நூற்றாண்டு கழித்து நயன்மன்றம் எழுந்தது. நம்மவர் வீடிழந்த மண்ணில், நம்மவர் கைகளே வெள்ளையனுக்கு மன்றம் கட்டித்தந்தன.

அக்கட்டடத்தின் சிறப்பு யாது? இரும்பு உத்தரங்களும் ஒப்பனை ஓடுகள் சிலவும் நீங்கலாக, தேவைப்பட்ட பொருள்களில் பெரும்பகுதி இங்கேயே ஆக்கப்பட்டவை. செந்நிறச் செங்கல்லும், சுடுமண் வேலைப்பாடும், மரவேலையும் நம் கைவினைஞர் ஆக்கங்கள். அதன் உயர்ந்த குவிமாடக் கூம்பு ஏறத்தாழ 175 அடி உயரத்தில் நின்றமையால், 1894 ஆம் ஆண்டில் அதன் உச்சியில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1977 ஆம் ஆண்டில் கடற்கரையில் புதிய விளக்கம் எழும் வரை, எண்பத்து மூன்று ஆண்டுகள் கடலோடிகளுக்கு வழிகாட்டியது நம்பெருமாளார் கட்டிய கூம்பின் மேல் நின்ற ஒளியே.

1914 ஆம் ஆண்டு செபுதம்பர் 22 ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையைக் குண்டெறிந்து தாக்கியது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. உயர்நயன்மன்றத்தின் சுற்றுச்சுவரிலும் குண்டொன்று விழுந்தது. அவ்விடத்தில் நினைவுக்கல் ஒன்று பதிக்கப்பட்டது. சுவரை உடைத்த குண்டின் கதையை ஊரார் நினைவில் வைத்துள்ளனர். கப்பலின் பெயர் சூழ்ச்சித் திறமுடையவரைக் குறிக்கும் பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. சுவரைக் கட்டியவரைத்தான் மறந்தனர்!

அடுத்தடுத்து எழுந்த மாளிகைகள்

உயர்நயன்மன்றத்தோடு அவர் நிற்கவில்லை. சிசம் வரைந்த விக்தோரியா பொதுமன்றம் அவர் கட்டியது. எழும்பூரில் 1896 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் அவர் கட்டியது. கடற்கரைச் சாலையில் 1897 ஆம் ஆண்டு எழுந்த சென்னை வைப்பகக் கட்டடம், உயர்நயன்மன்றத்தை அடுத்து 1899 ஆம் ஆண்டு நிறைவுற்ற சட்டக் கல்லூரி ஆகியனவும் அவர் கைப்பட்டவையே. வழக்காடுவோர் கற்ற கல்லூரியும் வழக்குரைத்த மன்றமும் ஒருவர் கட்டியவை என்பது எண்ணி வியத்தற்குரியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது விக்தோரியா நினைவு மண்டபம். 1906 ஆம் ஆண்டு சனவரியில், பின்னாளில் ஐந்தாம் சார்ச்சு மன்னராக முடிசூடிய வேல்சு இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1909 ஆம் ஆண்டில் மண்டபம் திறக்கப்பட்டது. வடக்கே பத்தேபூர் சிக்கிரியில் அக்பர் எழுப்பிய பெருவாயிலின் சாயலில், இளஞ்சிவப்பு மணற்கல்லில் இழைத்து இழைத்துச் செதுக்கிய முகப்பு அது. அடிக்கல் நாட்டியவர் சிறு கரணையால் ஒருமுறை சாந்தைத் தொட்டுவிட்டுப் போனார். எஞ்சிய கல்லெல்லாம் அடுக்கியவர் எத்தனை பேரோ!

இவ்வகைக் கட்டடங்களை 'இந்திய–சாரசெனிய முறை' என்று அறிஞர் வகைப்படுத்துவர். வளைவு முகலாயருடையது, கூம்பு ஐரோப்பியருடையது, தூண் நம்முடையது என்று பகுத்துக் காட்டுவர். நன்று. ஆயின் இத்தனையையும் ஒருசேரச் செய்துகாட்டிய கை எந்தக் கை? முகலாய வளைவைச் செதுக்க முகலாயன் வரவில்லை. ஆங்கிலக் கூம்பை நிறுத்த ஆங்கிலேயன் சாரமேறவில்லை. கண்டறியாத வடிவத்தையும் வரைபடம் கண்டு கல்லில் வடித்தவன், கோயில் கட்டிப் பழகிய குடியில் வந்த இந்நிலத்துக் கல்தச்சனே ஆவான்.

அவர் தனியர் அல்லர்

நம்பெருமாளார் ஒருவரே இப்பெருமைக்கு உரியவர் என்று கருதற்க. 1908 ஆம் ஆண்டு சூன் 11 ஆம் நாள் திறக்கப்பட்ட எழும்பூர்த் தொடர்வண்டி நிலையத்தைக் கட்டியவர் பெங்களூர்ச் சாமிநாதப் பிள்ளை என்பவர். 1905 ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணிக்கு 17 இலக்கம் உரூபா செலவாயிற்று. 1909 ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டி 1913 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மாநகராட்சி மாளிகையைக் கட்டியவர் உலோகநாத முதலியார். 252 அடி நீளமும் 126 அடி அகலமும் 132 அடி உயர மணிக்கூண்டும் உடைய அவ்வெண்மாளிகைக்கு ஆன செலவு ஏழரை இலக்கம் உரூபா. இரிப்பன் பெருமகனார் உள்ளாட்சி முறைக்கு வழி வகுத்தவர். அவர் பெயரை நன்றியோடு இட்டது தவறன்று. ஆயின் இரிப்பனை அறிந்த சென்னை உலோகநாதரை அறியாமற்போனதே, அதுதான் தவறு!

பெங்களூர்ச் சாமிநாதர் என்ற பெயரை இம்மத்தூர் மக்கள் உன்னிப் பார்த்தல் வேண்டும். இன்றைக்கு இங்கிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறோம். அன்றைக்குப் பெங்களூரிலிருந்து தமிழர் ஒருவர் சென்னைக்கு வந்து தென்னாட்டின் பெரிய தொடர்வண்டி நிலையத்தைக் கட்டித் தந்தார். பெங்களூரின் படைமுகாம் பகுதி வளர்ந்ததும், கோலார் தங்கவயல் தோண்டப்பட்டதும் தமிழர் உழைப்பின்றி நிகழ்ந்தவையல்ல. அத்தகைய பெங்களூரில் 1991 ஆம் ஆண்டு திசம்பரில் காவிரியைச் சாக்கிட்டுத் தமிழரைத் தாக்கினர். ஆயிரக்கணக்கானோர் ஓசூர் வழியே கைக்குழந்தைகளோடு ஓடிவந்தனர். நகரைக் கட்டியவன் யாரென்ற வரலாறு பள்ளியில் பயிற்றப்பட்டிருந்தால், கட்டியவனை வந்தேறி என்று துரத்தும் நாத்துணிவு எவர்க்கும் எழுந்திருக்குமா? கன்னடத்து உழைப்பாளி நமக்குப் பகைவன் அல்லன். வரலாற்றை மறைப்பதே இருவர்க்கும் பகை.

கணக்கறிஞர்க்கு ஈந்த நிழல்

நம்பெருமாளாரின் வாழ்வில் கட்டடத்தினும் உயர்ந்த செயல் ஒன்றுண்டு. ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்து உலகம் வியந்த கணக்கறிஞர் இராமானுசன், 1919 ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து நோயாளியாகத் திரும்பினார். கடல் கடந்து சென்றவர் தீட்டுப்பட்டவர் என்னும் குருட்டு வழக்கம் கோலோச்சிய காலம் அது. 1920 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு மருத்துவத்திற்காக வந்த அவர்க்குச் சேத்துப்பட்டில் தம் இல்லங்களைத் திறந்துவிட்டவர் நம்பெருமாளார். முதலில் ஒரு வீடு. பின்னர் அமைதி மிக்க மற்றொரு வீடு.

படுக்கையில் கிடந்தவாறே அக்கணக்கறிஞர் தாளும் எழுதுகோலும் கேட்டு வாங்கி எழுதினார். 'போலித் தீட்டாச் சார்புகள்' என்று இன்றைக்கு உலகக் கணக்கியலார் ஆராயும் புதுமைகள் அந்த இறுதித் திங்கள்களில் மலர்ந்தவை. அவர் எழுதிய தாள்கள் இங்கிலாந்து சென்று, மறந்துபோய், 1976 ஆம் ஆண்டில் கேம்பிரிட்சுக் கல்லூரி நூலகம் ஒன்றில் மீண்டும் கிடைத்தன. 1920 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள், முப்பத்திரண்டே அகவையில், நம்பெருமாளாரின் இல்லத்திலேயே இராமானுசன் உயிர் நீத்தார். கடல் கடந்த குற்றத்திற்காக உறவினர் பலர் இறுதி நிகழ்விற்கும் வரவில்லை. உற்றார் விலக்கிய அறிவாளிக்கு, குலம் பாராத கட்டடத் தொழிலர் ஒருவரின் கூரையே நிழலாயிற்று. அறிவைக் குலத்தால் அளந்தவர்களையும், மாந்தப் பண்பால் அளந்தவரையும் இந்நிகழ்ச்சி அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகிறது.

நிறையும் குறையும்

பெரியோரைப் போற்றுங்கால் குறைகளை மறைத்தல் வழிபாடாகும், வரலாறு ஆகாது. நம்பெருமாளார் வெள்ளையராட்சியோடு ஒட்டி வளர்ந்தவர். அவ்வாட்சி தந்த பட்டங்களைப் பூண்டவர். சென்னையில் உந்து வாங்கிய முதல் இந்தியர் அவரே என்பர். தம் போக்குவரவிற்கு நான்கு பெட்டிகள் கொண்ட தனித் தொடர்வண்டியே வைத்திருந்தார் என்றும் சொல்வர். செல்வத்தில் குறைவின்றி வாழ்ந்தார்.

இராமானுசன் தங்கிய இல்லங்களின் பெயர்களைக் கேளுங்கள். ஒன்று கிரைனன்டு; மற்றொன்று கோமெத்திரா. முன்னது வேல்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றன் பெயர். பின்னது சுகாத்துலாந்தின் சிறுதீவு ஒன்றன் பெயர். தமிழ்நாட்டுச் சேத்துப்பட்டில், நம்பெருமாள் என்னும் தமிழ்ப்பெயர் தாங்கியவரின் வீட்டு வாயிலில் வேல்சு நாட்டு ஊர்ப்பெயர்! அக்காலப் பெருஞ்செல்வர் பலர்க்கும் இருந்த அயன்மொழி மயக்கம் அது. கல்லையும் மண்ணையும் தமிழ் நிலத்தில் எடுத்தவர், பெயரை மட்டும் கடலுக்கப்பாலிருந்து எடுத்துக்கொண்டார். கட்டடங்களுக்கு வெள்ளையன் பெயர் வந்தது ஆட்சியால். வீடுகளில் அப்பெயர் நிலைத்தது நம்முடைய ஒப்புதலால். முன்னதினும் பின்னதே கொடிது. இன்று ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் முளைக்கும் மனைப்பிரிவுகளுக்கெல்லாம் 'கார்டன்', 'சிட்டி', 'என்கிளேவ்' என்று பெயரிடுவோர் அந்த மயக்கத்தின் வழிவந்த பேரப்பிள்ளைகளே!

தஞ்சையில் நின்ற பெயர்

கட்டியவன் பெயரை மறப்பது தமிழர் மரபா? அன்று! 1010 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லுங்கள். மாமன்னன் இராசராசன் தன் பெயரை மட்டும் கல்லில் வெட்டிக்கொள்ளவில்லை. கோயிலைச் சமைத்த குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயரும் கல்வெட்டில் உண்டு. தன் பெயரையே அவனுக்கு அடைமொழியாக்கி 'இராசராசப் பெருந்தச்சன்' என்று சிறப்பித்தான் மன்னன். ஆடல் மகளிர் பெயர்கள் உண்டு. அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசை உண்டு. விளக்குக்கு நெய் அளக்க ஆடு பெற்ற இடையர் பெயர்கள் உண்டு. முடிதிருத்தும் தொழிலருக்கும் 'இராசராசப் பெருநாவிதன்' என்னும் பட்டம் உண்டு. பணி செய்தவனைப் பெயரோடு பதிவு செய்வதே தமிழர் ஆட்சிமுறை. பணி செய்தவனைப் பெயரின்றி ஆக்குவது அடிமை ஆட்சியின் முறை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெருந்தச்சனை நாம் அறிவோம். நூறாண்டுக்கு முற்பட்ட ஒப்பந்தக்காரரை அறியோம். அடிமைத்தனம் நினைவையும் அழிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கரணை பிடித்தவன் நாவில் தமிழ்

பெயரை இழந்ததோடு சொல்லையும் இழந்து வருகிறோம். கட்டடத் தொழிலில் கற்றோர் நாவில் உள்ள சொற்கள் எவை? 'சிமெண்டு', 'காங்கிரீட்டு', 'பீம்', 'பில்லர்', 'லெவல்'. கல்லாதவர் என்று நாம் ஒதுக்கும் கொத்தனார் நாவில் உள்ள சொற்கள் எவை? கரணை, தூக்குக்குண்டு, மட்டப்பலகை, சாரம், சாந்து, காரை, உத்தரம், கைமரம், நிலை, தாழ்வாரம், திண்ணை. இச்சொற்களைக் கல்லூரி காக்கவில்லை. கரணை பிடித்த கை காத்தது.

அயற்சொற்கள் புகுந்த வழியையும் நோக்குங்கள். 'சன்னல்' போர்ச்சுகீசியன் தந்தது. நம்மிடம் பலகணி இருந்தது, சாளரம் இருந்தது, காற்று வரும் வழி என்னும் பொருளில் காலதர் என்ற அரிய சொல் சிலப்பதிகாரத்திலேயே இருந்தது. 'சாவி' போர்ச்சுகீசியன் தந்தது. நம்மிடம் திறவுகோல் இருந்தது. 'மேசுத்திரி' என்பதும் அவன் மொழிச்சொல்லே. நம்மிடம் பெருந்தச்சன் இருந்தான், கொத்தனார் இருந்தார். கப்பலில் வந்தவன் நான்கு சொற்களைக் கொண்டுவந்தான். நாமோ நாற்பது சொற்களை அவனுக்காகக் கீழே போட்டோம். நண்பகலில் இருகோல் நட்டு, நிழலால் திசை தேர்ந்து, நூல் பிடித்து அரண்மனை வகுத்த முறையை நெடுநல்வாடையில் நக்கீரர் பாடி வைத்தார். அத்தகைய தமிழில் கட்டடக் கலை சொல்ல முடியாதாம்!

முடியும் என்று காட்டவே 2010 ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழில் தொடங்கப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவற்றை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது கைவிடப்பட்டது. விழிப்பாக இருந்தமையால் பிழைத்தது. விழிப்பு என்பது ஒருநாட் கடமையன்று.

அடைத்த கதவு

இனி இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருவோம். நம்பெருமாளார் கட்டிய உயர்நயன்மன்றத்தில் இன்றைக்கும் அலுவல்மொழி ஆங்கிலமே. மத்தூர் உழவன் ஒருவன் தன் நிலவழக்கிற்காக அங்கே சென்று நின்றால், தன் வாழ்வும் தாழ்வும் எந்த மொழியில் முடிவாகிறது என்று அவனுக்கே விளங்குவதில்லை. கீழ்மன்றங்களில் தமிழுக்கு 1976 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழிவிட்டது. மேல்மன்றத்தின் கதவோ திறக்கவில்லை.

சட்டம் இடந்தரவில்லையா? தருகிறது. இந்திய அரசியலமைப்பின் 348 ஆம் உறுப்பின் இரண்டாம் உட்பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு மாநில ஆளுநர் உயர்மன்றத்தில் மாநில மொழிக்கு ஒப்புதல் அளிக்கலாம். அவ்வழியே இராசத்தானில் 1950 ஆம் ஆண்டிலும், உத்தரப்பிரதேசத்தில் 1969 ஆம் ஆண்டிலும், மத்தியப்பிரதேசத்தில் 1971 ஆம் ஆண்டிலும், பீகாரில் 1972 ஆம் ஆண்டிலும் இந்தி உயர்மன்றம் ஏறிற்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 ஆம் ஆண்டு திசம்பரில் தீர்மானம் இயற்றி அனுப்பியது. 2010 ஆம் ஆண்டில் மதுரையில் வழக்கறிஞர்கள் உண்ணாநோன்பிருந்தனர். 2012 ஆம் ஆண்டில் உச்சமன்றம் இசைவு மறுத்தது. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை? ஒரே உறுப்பு, ஒரே உட்பிரிவு, மொழிக்கொரு நயன்மையா?

அம்மன்றத்தின் அடித்தளம் தமிழில் பேசிக்கொண்டு தோண்டப்பட்டது. அதன் சுவர்கள் தமிழில் ஏவல் சொல்லி எழுப்பப்பட்டன. அதன் கூம்பின் மேல் ஏறி நின்றவன் 'கயிற்றை இழு, கல்லை ஏற்று' என்று தமிழில்தான் குரல் கொடுத்தான். கட்டி முடித்துக் கதவை மாட்டியதும், அந்த மொழியை மட்டும் வெளியே நிறுத்திக் கதவடைத்துக் கொண்டார்கள். கட்டியவர் பெயர் மறைந்ததும் கட்டியவர் மொழி வெளியே நிற்பதும் இருவேறு செய்திகள் அல்ல. ஒரே செய்தியின் இருபக்கங்கள்.

செய்ய வேண்டுவன

நம்பெருமாளார், சாமிநாதர், உலோகநாதர் ஆகியோர் பெயர்கள் அவரவர் கட்டிய மாளிகைகளின் முகப்பில், எல்லார் கண்ணிலும் படுமாறு தமிழில் எழுதப்படல் வேண்டும். அவர்களோடு உழைத்த கொத்தர், தச்சர், சித்தாள் ஆகியோரையும் அப்பலகை ஒரு வரியிலேனும் சொல்லல் வேண்டும். இது அரசு செய்ய வேண்டுவது.

மத்தூரிலும் போச்சம்பள்ளியிலும் பருகூரிலும் உள்ள கொத்தனார் நாவில் வாழும் தொழிற்சொற்களை ஏட்டில் எழுதித் தொகுத்தல் வேண்டும். ஒரு முதியவர் மறைந்தால் ஒரு சொற்களஞ்சியம் மறைகிறது. இது படித்த இளைஞர் செய்ய வேண்டுவது. கட்டடத் தொழிலாளர் நலவாரியம் 1994 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் உண்டு. அதில் பெயரைப் பதியாமல் சாரத்தில் ஏறுகிறவர் இன்னும் பலர். தன் பெயரைத் தானே பதியாதவன், வரலாறு பதியவில்லை என்று நொந்து பயனில்லை. இது தொழிலாளத் தோழர்கள் நாளையே செய்ய வேண்டுவது. புதிதாய்க் கட்டும் வீட்டிற்குத் தமிழ்ப்பெயர் இடுவதும், நிலைக்கல்லில் கட்டிய கொத்தனார் பெயரைப் பொறிப்பதும் வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் செய்ய வேண்டுவது. மாமன்னன் செய்ததை நாம் செய்தலில் என்ன தாழ்வு?

உயர்நயன்மன்றத்தில் தமிழ் ஏறும் வரை ஓயாமல் குரல் கொடுப்பதோ நாமெல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டுவது.

நூற்றுமுப்பது ஆண்டுகளைக் கடந்து அச்செங்கற் சுவர் அசையாமல் நிற்கிறது. எம்டன் குண்டுக்கும் அது சாயவில்லை. அதை நிறுத்திய மக்களின் மொழியும் சாயாது. கட்டியவர்க்குக் கதவைத் திறக்கவும் தெரியும்.

வாழ்க உழைப்பு! வெல்க தமிழ்!